லேப்டாப் ஏன் திணறுகிறது? 80 ஆண்டுகளுக்கு முன்பே காரணத்தைச் சொன்ன ஜான் வான் நியூமன் யார்?

புது லேப்டாப். பிராசசரும் நல்ல பிராசசர்தான். ஆனாலும் பிரவுசரில் பத்து டேப் திறந்தால் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. உடனே இணையத்தில் தேடுகிறோம். அங்கே ஒருவர் கேஷ் மெமரி செட்டிங்கை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணைத் திருத்தினால் வேகம் இரண்டு மடங்கு ஆகும் என்கிறார். எதை நம்புவது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியணும்னா, லேப்டாப்பே இல்லாத காலத்தில் வாழ்ந்த ஒரு மனிதரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று நம் பையில் இருக்கும் லேப்டாப், கையில் இருக்கும் மொபைல் இரண்டுமே அவர் பெயரால் அழைக்கப்படும் அமைப்பில்தான் இயங்குகின்றன. அவை சில நேரம் தேங்கி நிற்கும் இடத்துக்கும் அவர் பெயர்தான். அவர் ஜான் வான் நியூமன்.

புடாபெஸ்ட்டில் பிறந்த அதிசயச் சிறுவன்

1903 டிசம்பர் 28. ஆஸ்திரியா-ஹங்கேரி பேரரசின் புடாபெஸ்ட் நகரில் வசதியான யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அப்பா மிக்சா, வங்கித் துறையில் பெரிய பொறுப்பில் இருந்தவர். மூன்று மகன்களில் இவர்தான் மூத்தவர். வீட்டில் வைத்த பெயர் யானோஷ். 1913-ல் பேரரசர் அப்பாவுக்குப் பிரபுப் பட்டம் வழங்கினார். பிற்காலத்தில் பெயரோடு ஒட்டிக்கொண்ட 'வான்' அங்கிருந்து வந்ததுதான்.

இவரது நினைவாற்றல் சின்ன வயதிலேயே வீட்டில் பேச்சுப்பொருள். விருந்தாளிகள் வந்தால் டெலிபோன் டைரக்டரியில் ஒரு பக்கத்தைக் காட்டுவார்களாம். சிறுவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பெயரும் எண்ணும் மாறாமல் ஒப்பிப்பானாம். பல தொகுதிகள் கொண்ட உலக வரலாற்று நூலைப் பள்ளி வயதிலேயே படித்து முடித்தார். பிற்காலத்தில் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற யூஜின் விக்னர், அதே பள்ளியில் ஒரு வகுப்பு மூத்தவர்.

மகனுக்குக் கணக்குதான் உயிர். ஆனால் கணக்கு சோறு போடுமா என்று அப்பாவுக்குக் கவலை. அதனால் இரண்டையும் படித்தார் மகன். சூரிச்சில் கெமிக்கல் இன்ஜினீயரிங், புடாபெஸ்ட்டில் கணிதத்தில் டாக்டர் பட்டம். 1926-ல் இரண்டையும் முடித்தபோது வயது 22.

அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பியக் கணித உலகமே திரும்பிப் பார்த்தது. 1928-ல் விளையாட்டுக் கோட்பாட்டுக்கு அடித்தளமான தேற்றத்தை நிரூபித்தார். 1932-ல் குவாண்டம் இயற்பியலின் கணித அடிப்படை பற்றி ஜெர்மன் மொழியில் புத்தகம் எழுதினார்.

ஐன்ஸ்டீனுக்குப் பக்கத்து அறை

1930-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1933-ல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியைப் பிடித்தார். யூத அறிஞர்கள் வேலை இழந்து சிதறினார்கள். அதே ஆண்டில் பிரின்ஸ்டனில் புதிதாகத் தொடங்கிய உயர் ஆய்வு நிறுவனத்தில் முதல் பேராசிரியர்களில் ஒருவராகச் சேர்ந்தார் வான் நியூமன். ஐன்ஸ்டீனும் அங்கேதான். 1937-ல் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது.

ஆள் நம்ம கற்பனையில் இருக்கும் கணித மேதை மாதிரி இல்லை. எப்போதும் கோட் சூட். வீட்டில் அடிக்கடி விருந்து. அமைதியாக இருந்தால் இவருக்கு வேலை ஓடாது. அலுவலகத்தில் ஜெர்மன் அணிவகுப்பு இசைத்தட்டுகளைச் சத்தமாக ஓடவிடுவார். பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் புகார் சொன்னார்கள், ஐன்ஸ்டீன் உட்பட. கார் ஓட்டுவதில் மட்டும் மகா மோசம். விபத்து அவருக்குச் சாதாரண விஷயம்.

ரயில் நிலையத்தில் கிடைத்த தகவல்

இரண்டாம் உலகப் போர் வந்தது. அணுகுண்டு தயாரித்த லாஸ் அலமோஸ் ரகசிய ஆய்வகத்துக்கு ஆலோசகரானார் வான் நியூமன். வெடி அதிர்வுகளைக் கணக்கிடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அந்தக் கணக்குகளைக் கையால் போட்டு முடிக்க மாதக்கணக்கில் ஆனது.

1944 கோடைக்காலம். அபர்தீன் ரயில் நிலையத்தில் ரயிலுக்காகக் காத்திருந்தார். அங்கே ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற ராணுவ அதிகாரி தானாக வந்து பேச்சுக் கொடுத்தார். அவரும் கணிதம் படித்தவர்தான். பேச்சுவாக்கில், ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான பெருக்கல்களைச் செய்யும் எலெக்ட்ரானிக் இயந்திரம் தயாராகி வருவதாகச் சொன்னார். அதுவரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்த வான் நியூமனின் தொனி மாறிவிட்டது. கேள்வி மேல் கேள்வி கேட்டார்.

அந்த இயந்திரம்தான் எனியாக். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பிரெஸ்பர் எக்கர்ட், ஜான் மாக்லி என்ற இருவர் தலைமையில் உருவானது. சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள். எடை சுமார் 30 டன். கணக்கிடுவதில் மின்னல் வேகம்.

ஆனால் அதில் இரண்டு பெரிய சிக்கல்கள் இருந்தன. முதலாவது, வேலையை மாற்ற வேண்டும் என்றால் வயர்களைப் பிடுங்கி வேறு இடத்தில் செருக வேண்டும். இதற்கே நாள்கணக்கில் ஆகும். இரண்டாவது, கணக்கின் நடுவே மாறிக்கொண்டே இருக்கும் எண்களை வைத்துக்கொள்ள வெறும் 20 இடங்கள்தான். கணக்கிடும் வேகம் இருந்தது. நினைவு இல்லை.

101 பக்க அறிக்கையும் ஒரே பெயரும்

அடுத்த இயந்திரமான எட்வாக்குக்கான விவாதங்களில் வான் நியூமனும் சேர்ந்துகொண்டார். 1945 ஜூன் 30 தேதியிட்டு ஒரு வரைவு அறிக்கை வெளியே வந்தது. மொத்தம் 101 பக்கங்கள்.

அதன் சாராம்சம் எளிமையானது. கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் பகுதி தனி. நினைவகம் தனி. என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளைகளும், எதை வைத்துச் செய்ய வேண்டும் என்ற தகவல்களும் ஒரே நினைவகத்தில் இருக்கும். அங்கிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வந்து வேலை செய்ய வேண்டும். வேலையை மாற்ற வயரைப் பிடுங்க வேண்டாம். நினைவகத்தில் இருப்பதை மாற்றினால் போதும். இன்று நாம் ஒரு ஆப்பை மூடி இன்னொன்றைத் திறப்பது இதனால்தான் சாத்தியமாகிறது.

ஏன் ஒவ்வொன்றாக? வெற்றிடக் குழாய்கள் அடிக்கடி பழுதாகும். பாகங்கள் குறைந்தால் பழுதும் குறையும். ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று வைத்துக்கொண்டால் இயந்திரம் எளிமையாகும். அந்தக் காலத்துக்கு அது நியாயமான முடிவு.

ஆனால் இந்த அறிக்கைக்குப் பின்னால் ஒரு மனக்கசப்பும் இருக்கிறது. முதல் பக்கத்தில் வான் நியூமன் பெயர் மட்டும்தான் இருந்தது. எக்கர்ட், மாக்லி பெயர்கள் இல்லை. இத்தனைக்கும் அந்தக் கருத்துகள் பலவும் குழுவாக உட்கார்ந்து பேசியவை. முழுமை பெறாத வரைவைப் பலருக்கும் அனுப்பி வைத்தவர் கோல்ட்ஸ்டைன். எக்கர்ட்டும் மாக்லியும் கொதித்துப் போனார்கள். அந்த உறவு பிறகு சரியாகவே இல்லை.

விளைவு 28 ஆண்டுகள் கழித்தும் தொடர்ந்தது. 1973-ல் அமெரிக்க நீதிமன்றம் எனியாக் காப்புரிமையை ரத்து செய்தது. சொல்லப்பட்ட பல காரணங்களில் இந்த வரைவு அறிக்கை முன்கூட்டியே வெளியானதும் ஒன்று. எக்கர்ட், மாக்லி பெயர்கள் இன்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி. வான் நியூமன் பெயரோ முழு அமைப்புக்குமே நிலைத்துவிட்டது. இது நியாயமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

சரி, லேப்டாப் எங்கே தேங்குகிறது?

இங்கேதான் நம் கதைக்கு வருகிறோம். கணக்குப் போடும் பகுதி ஒரு பக்கம், நினைவகம் இன்னொரு பக்கம். நடுவில் ஒரு பாதை. கட்டளையும் அந்தப் பாதையில்தான் வர வேண்டும், தகவலும் அதே பாதையில்தான் வர வேண்டும். கணக்குப் போடும் பகுதி எவ்வளவு வேகமாக இருந்தாலும், பொருள் வந்து சேரும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

1977-ல் ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய ஜான் பேக்கஸ், டூரிங் விருது உரையில் இந்த இடத்துக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் சொன்னால், வான் நியூமன் குறுகிய கழுத்து. பாட்டிலில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் கழுத்து வழியாகத்தானே வர முடியும்?

ஆச்சரியம் என்னவென்றால், இந்தப் பிரச்சினையை வான் நியூமன் ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டார். 1946-ல் ஆர்தர் பர்க்ஸ், கோல்ட்ஸ்டைன் இருவருடன் சேர்ந்து இன்னொரு அறிக்கை எழுதினார். எல்லையில்லாத அளவும் உடனடி வேகமும் கொண்ட ஒரே நினைவகம் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் அது நடைமுறையில் கிடைக்காது என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக நினைவகத்தைப் படிப்படியாக அடுக்கச் சொன்னார்கள். முதல் அடுக்கு சின்னது, வேகமானது. அடுத்தடுத்த அடுக்குகள் பெரியவை, ஆனால் மெதுவானவை.

நம்ம வீட்டுச் சமையலறையை நினைத்துப் பாருங்கள். கடுகும் சீரகமும் அடுப்புக்குப் பக்கத்திலேயே அஞ்சறைப் பெட்டியில் இருக்கும். மிச்சம் அலமாரி டப்பாவில். தீர்ந்தால் தெருமுனை மளிகைக் கடை. மொத்தமாக வேண்டும் என்றால் சந்தை. தாளிக்கும்போது ஒவ்வொரு முறையும் சந்தைக்கு ஓடினால் எண்ணெய் கருகிவிடும். லேப்டாப்பில் கேஷ் மெமரிதான் அந்த அஞ்சறைப் பெட்டி. ரேம் என்பது மளிகைக் கடை. எஸ்எஸ்டி அல்லது ஹார்டு டிஸ்க்தான் சந்தை.

வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? பிராசசருக்கு மிக நெருக்கமான எல்1 கேஷில் இருந்து தகவல் எடுக்கச் சுமார் 1 நானோசெகண்ட். ரேமுக்குப் போனால் சுமார் 100 நானோசெகண்ட். அந்த 1 நானோசெகண்டை ஒரு நொடியாக நீட்டிப் பார்த்தால், ரேம் ஒன்றரை நிமிடத்துக்கு மேல். எஸ்எஸ்டி கிட்டத்தட்ட ஒரு நாள். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் மூன்று மாதத்துக்கும் மேல்!

24 மணி நேர வானிலைக்கு 24 மணி நேரம்

இந்தக் காத்திருப்பை அவர் நேரிலும் அனுபவித்தார். 1950-ல் ஜூல் சார்னி உள்ளிட்ட வானிலை ஆய்வாளர்களுடன் சேர்ந்து, எனியாக்கில் உலகின் முதல் கம்ப்யூட்டர் வானிலைக் கணிப்பைச் செய்தார். அடுத்த 24 மணி நேர வானிலையைக் கணிக்க, இயந்திரத்துக்கும் சுமார் 24 மணி நேரம் பிடித்தது. அதில் பெரும்பகுதி கணக்கிடப் போகவில்லை. இடைநிலை விடைகளைத் துளை அட்டைகளில் அடித்து, அடுக்கி, திரும்ப உள்ளே கொடுப்பதில்தான் போனது. இயந்திரத்தின் உள் நினைவகம் அவ்வளவு சின்னது.

பிரின்ஸ்டனில் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரையும் உருவாக்கினார். ஜூலியன் பிகலோ என்ற இன்ஜினீயர் உழைப்பில் 1952-ல் அது முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. மொத்த நினைவகம் எவ்வளவு? சுமார் 5 கிலோபைட். இன்று ஒரு லேப்டாப் பிராசசரின் ஒரு கோரில் இருக்கும் எல்1 டேட்டா கேஷ் மட்டுமே பொதுவாக 32 கிலோபைட் அல்லது அதற்கும் மேல். அந்த வடிவமைப்பு ரகசியமாக வைக்கப்படவில்லை. அதைப் பார்த்துப் பல நாடுகளில் கம்ப்யூட்டர்கள் உருவாகின.

இதில் இன்னொரு பெயரையும் மறக்கக் கூடாது. மனைவி கிளாரா. 1938-ல் திருமணமானபோது அவருக்குக் கணிதப் பட்டம் எதுவும் கிடையாது. பிறகு புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு, 1948-ல் எனியாக்கில் ஓடிய முக்கியமான அணுக்கணக்குகளுக்குக் கட்டளைகள் எழுதினார். உலகின் ஆரம்பகாலப் புரோகிராமர்களில் அவரும் ஒருவர்.

புகழோடு வந்த நிழல்

வான் நியூமன் வாழ்க்கையில் மறைக்க முடியாத பக்கமும் உண்டு. நாகசாகி மீது போடப்பட்ட குண்டை வெடிக்க வைத்த உள்வெடிப்பு முறையில் அவர் கணக்குகளுக்குப் பெரிய பங்கு இருந்தது. ஜப்பானில் எந்த நகரங்களைத் தாக்குவது என்று பரிந்துரைத்த குழுவிலும் இருந்தார். பிரின்ஸ்டன் கம்ப்யூட்டரில் முதலில் ஓடிய பெரிய வேலையும் ஹைட்ரஜன் குண்டுக்கான கணக்குதான். 1955-ல் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் உறுப்பினராகப் பதவியேற்றார்.

அதே ஆண்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதிபர் ஐசன்ஹோவரிடம் பதக்கம் வாங்கும்போது சக்கர நாற்காலியில் இருந்தார். வாஷிங்டன் ராணுவ மருத்துவமனையில் படுக்கையைச் சுற்றிக் காவல். மயக்கத்தில் ராணுவ ரகசியங்களை உளறிவிடக் கூடாதே என்ற பயம்.

நோய் மூளையையும் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் மகள் மரினாவிடம் எளிய கூட்டல் கணக்குகளைக் கேட்கச் சொன்னார். ஏழும் நாலும் எவ்வளவு என்பது போன்ற கணக்குகள். டெலிபோன் டைரக்டரியையே ஒப்பித்தவர் அதற்கே தடுமாறினார். மகளால் அங்கே நிற்க முடியவில்லை. அறையை விட்டு வெளியேறிவிட்டார்.

1957 பிப்ரவரி 8-ல் உயிர் பிரிந்தது. வயது 53. கம்ப்யூட்டரையும் மனித மூளையையும் ஒப்பிட்டு அவர் எழுதிக்கொண்டிருந்த உரை பாதியில் நின்றது. கிளாராவின் முன்னுரையோடு அது 1958-ல் புத்தகமாக வந்தது.

அவருக்குப் பிறகு வந்த கேஷ்

அவர் சொன்ன அடுக்கு யோசனை நிற்கவில்லை. இங்கிலாந்தின் மாரிஸ் வில்க்ஸ், 1946-ல் எட்வாக் அறிக்கையை ஒரே இரவில் படித்து முடித்து, 1949-ல் கேம்பிரிட்ஜில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் உருவாக்கியவர். 1965-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அடிக்கடி தேவைப்படும் தகவலை ஒரு குட்டி வேக நினைவகம் தானாகவே நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. 1968-ல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம் 360 மாடல் 85-ல் கேஷ் வந்தது. 1989-ல் இன்டெல் 486 சிப்புக்குள்ளேயே 8 கிலோபைட் கேஷ் இடம்பிடித்தது. இன்றைய லேப்டாப்களில் எல்3 கேஷ் பல மெகாபைட் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

அப்போ நாம என்ன செய்யலாம்?

இதில் தானாகவே என்பதுதான் முக்கியமான வார்த்தை. கேஷில் எதை வைப்பது, எதை வெளியேற்றுவது என்பதை பிராசசரே முடிவு செய்கிறது. அதன் அளவு சிப்பிலேயே பொறிக்கப்பட்டது. எந்த சாப்ட்வேராலும் அதைக் கூட்ட முடியாது.

* ரெஜிஸ்ட்ரியில் 'செகண்ட் லெவல் டேட்டா கேஷ்' என்று ஒன்று இருக்கும். அதில் 0 இருந்தால் கேஷ் அணைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அளவை விண்டோஸே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று அர்த்தம். பழங்காலப் பிராசசர்களுக்கான வசதி அது. மாற்றினாலும் பலன் கிடையாது.

* டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் சிபியு-வைத் தொட்டால் எல்1, எல்2, எல்3 அளவுகள் தெரியும். தயாரிப்பாளர் சொன்ன அளவோடு ஒத்துப்போனால் கேஷில் கோளாறு இல்லை.

* சில பழைய லேப்டாப்களின் பயாஸில் கேஷை அணைக்கும் வசதி இருக்கும். தெரியாமல் அணைத்திருந்தால் லேப்டாப் ஊர்ந்துதான் போகும். பயாஸை டீஃபால்ட் செட்டிங்குக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

* பிரவுசர் கேஷ் வேறு, பிராசசர் கேஷ் வேறு. பிரவுசர் கேஷை அழித்தால் பிராசசருக்கு வேகம் கூடாது.

* அதே டாஸ்க் மேனேஜரில் ரேம் எப்போதும் நிறைந்தே இருக்கிறதா பாருங்கள். நிறைந்திருந்தால் லேப்டாப் ஒவ்வொன்றுக்கும் சந்தைக்கு ஓடுகிறது என்று அர்த்தம். ரேமைக் கூட்டுவதுதான் வழி. ஒரே ரேம் ஸ்டிக் இருந்து இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால், அதே அளவில் இரண்டாவது ஸ்டிக் போடலாம். பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவில் உள்ள பாதை அகலமாகும்.

* டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, உள்ளே இருப்பதோ சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் எஸ்எஸ்டி-க்கு மாறுவதுதான் பெரிய மாற்றம் தரும்.

* மேலே எதுவும் இல்லை, ஆனால் லேப்டாப் கொதிக்கிறது என்றால் சூடு காரணமாக பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஃபேனில் தூசியைச் சுத்தம் செய்யுங்கள். மெத்தை மேல் வைத்துப் பயன்படுத்தாதீர்கள். பேட்டரி சேமிக்கும் மோடில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்த முறை திரையில் வட்டம் சுற்றும்போது பிராசசரை மட்டும் திட்டாதீர்கள். பெரும்பாலும் அது வேலை செய்யத் தயாராகத்தான் இருக்கிறது, தகவல் வந்து சேரத்தான் காத்திருக்கிறது. வேகமான நினைவகம் சின்னதாகத்தான் இருக்கும் என்று 1946-ல் வான் நியூமனும் அவர் கூட்டாளிகளும் எழுதி வைத்த கணக்கு இன்னும் மாறவில்லை.